இரண்டரைச் சுற்று

மாலை 7.46. தொலைநோக்கியின் மேல் போர்த்தியிருந்த துணியை, மேடை வித்தைக்காரர் மாதிரி ஒரே வீச்சில் உருவினார் சங்கத் தலைவர். உருவிய கை அந்தரத்திலேயே நின்றுவிட்டது. கண் வைத்துப் பார்க்கும் இடத்தில் மாட்டியிருக்க வேண்டிய பெரிய ஐபீஸ் லென்ஸ் இல்லை. கறுப்பாய் ஓர் ஓட்டைதான் இருந்தது.

கீழே நூலகக் கூடத்தில் அறுபது பேர் காத்திருந்தார்கள். எட்டேகாலுக்கு அவர்கள் மொட்டைமாடிக்கு வந்து நிலாவைப் பார்ப்பதாக ஏற்பாடு.

7.52. கண்டக்டரம்மா சீருடையைக்கூட மாற்றாமல் படியேறி வந்தார். பதினான்கு வருடமாகப் பேருந்தில் வேலை. முகத்தைப் பார்த்தே சீட்டு வாங்காத ஆளைப் பிடித்துவிடுவார். வான்பார்வைச் சங்கத்தில் மூன்று வருட உறுப்பினர். ஆனால் இன்றைக்கு அவர் ஓடி வந்தது கணவரின் தங்கைக்காக. வயது இருபத்தாறு ஆகியும், லேத் பட்டறையில் இரும்பைக் கடைந்துகொண்டிருந்தும், வீட்டுக்கு அவள் பாப்பாதான். இன்றிரவு தொலைநோக்கியின் முழுப் பொறுப்பும் அவள் கைக்கு வர இருந்தது.

"நான் யாரையும் சொல்லல," என்றார் தலைவர். மருந்துக்கடைக்காரர், சொற்களையும் பொட்டலம் கட்டித்தான் கொடுப்பார். "ஆனா ஏழு இருபதுலேர்ந்து மாடிச் சாவி பாப்பாகிட்டதான் இருந்துச்சு."

"சொல்லலன்னு சொல்லிக்கிட்டே சொல்லிட்டீங்களே."

"ஐபீஸ் திரும்ப வந்தா போதும்மா. விஷயம் வெளிய போகாது. பொறுப்பை மட்டும் இப்போதைக்கு நிறுத்தி வைப்போம்."

பாப்பா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றாள். தாடை இறுகியிருந்தது.

"அழுதியா?"

"நான் எதுக்கு அண்ணி அழணும்? நாற்காலி போட்டேன். அந்தத் துணியை நான் தொடவே இல்ல."

கண்டக்டரம்மாவுக்கு உள்ளுக்குள் ஏதோ நிமிர்ந்தது. "இருபத்துமூணு நிமிஷம் இருக்கு. என் வண்டியில அதுக்குள்ள பதினோரு ஸ்டாப்பு தாண்டிடும்," என்று சொல்லிவிட்டுத் தொலைநோக்கியின் பக்கம் போனார்.

முக்காலியின் மட்டம் பார்க்கும் குமிழ் வட்டத்தின் நடுவில் அசையாமல் நின்றது. பேட்டரியின் பச்சை விளக்கு எரிந்தது. ரிமோட்டின் திரையில் தேதி, நேரம், ஊர் எல்லாம் சரி. நிலாவைத் தேர்ந்தெடுத்து அழுத்தினார். மோட்டார்கள் மெல்ல உறும, குழல் தானாகத் திரும்பி, தலை தூக்கி, நின்றது. பெட்டியிலிருந்து சின்ன ஐபீஸை எடுத்துப் பொருத்தினார். குனிந்தார்.

நிலா சரியாக நடுவில் இருந்தது. பள்ளங்களின் விளிம்புகள் ஊசியால் கீறியதுபோல் தெரிந்தன. அவர் எதையும் திருகவில்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அழகா இருக்கு," என்றார்.

"இது அழகு பார்க்கிற நேரமாம்மா?" தலைவருக்கு வியர்த்தது.

"பாப்பா, சின்னதைக் கழட்டிட்டுப் பெருசை மாட்டினா ஃபோகஸ் எவ்வளவு மாறும்?"

"வெளிப்பக்கமா இரண்டரைச் சுத்து. சரியா சொன்னா அதுல ஒரு நூல் கம்மி."

"நூல் கணக்கெல்லாம் உங்க பட்டறையோட வெச்சுக்க. தலைவரே, கடிகாரத்தைக் கூப்பிடுங்க."

8.01. கடிகாரம் என்று எல்லோரும் அழைக்கிற கடிகாரப் பழுதுக்காரர் மேலே வந்தார். தோளில் அவருடைய கருவிப் பை. இதுவரை தொலைநோக்கிக்குப் பொறுப்பு அவர்தான். அடுத்து பாப்பா வரட்டும் என்று கூட்டத்தில் முதலில் சொன்னவரும் அவர்தான். அதனால் அவரைச் சந்தேகிக்க யாருக்கும் தோன்றவில்லை.

"எப்போ மேல வந்தீங்க?"

"ஆறரை. முக்காலி நிறுத்தி, மட்டம் பார்த்து, குழலை ஏத்தினேன். இருட்டினதும் மேற்கே ரோகிணி, கிழக்கே மகம். ரெண்டையும் நடுவுல நிறுத்திக் கம்ப்யூட்டருக்கு அடையாளம் காட்டினேன்."

"எந்த ஐபீஸ் போட்டு?"

"பெருசுதான். கனமானதைப் போட்டுச் சரிபார்த்தாத்தானே அப்புறம் குழல் தலை தொங்காது? நம்ம வழக்கமே அதானே."

"அப்புறம் மாத்தினீங்களா?"

"இல்ல. மாட்டினபடியே துணியைப் போட்டு மூடினேன். ஏழு இருபதுக்கு இறங்கிச் சாவியைப் பாப்பாகிட்ட குடுத்தேன்."

"சின்னது?"

"பெட்டியை விட்டு வெளியவே வரல."

"நிச்சயமா?"

"என்னம்மா, சீட்டு எடுக்காத ஆளைக் கேக்கிற மாதிரி கேக்கறீங்க!" அவர் சிரித்தார். மற்ற யாரும் சிரிக்கவில்லை.

8.05. கண்டக்டரம்மா தொப்பியைக் கழற்றி நாற்காலியில் வைத்தார்.

"நட்சத்திரத்தை நடுவுல நிறுத்தறப்போ நீங்க என்ன செய்வீங்க, அண்ணா? முதல்ல ஃபோகஸைக் கலைப்பீங்க. புள்ளி காசு மாதிரி விரியும். நடுவுல இருக்கா இல்லையான்னு அப்போதான் நல்லாத் தெரியும். நாங்க எல்லாருமே அப்படித்தான். ஆனா நாங்க வேலை முடிஞ்சதும் கலைஞ்சபடியே விட்டுட்டு இறங்கிடுவோம். நீங்க மட்டும் திரும்பத் திருகி, ஊசிமுனை மாதிரி ஆக்கிட்டுத்தான் கையெடுப்பீங்க. இருபது வருஷப் பழக்கம்."

"ஆமா. அதுல என்ன தப்பு?"

"தப்பே இல்ல. அந்த நல்ல பழக்கம்தான் உங்களைக் காட்டிக் குடுத்துடுச்சு. பெருசு போட்டு வேலையை முடிச்சிருந்தா ஃபோகஸ் பெருசுக்குத்தான் நின்னிருக்கும். அப்போ நான் சின்னதை மாட்டினதும் நிலா பஞ்சு மாதிரி கலங்கித் தெரிஞ்சிருக்கணும். இரண்டரைச் சுத்து திருகணும். நான் ஒரு சுத்துகூட திருகல. கண்ணை வெச்சதும் பள்ளம் பள்ளமா தெரிஞ்சுது."

தலைவர் கையை உயர்த்தினார். "பாப்பா திருகியிருக்கலாமே?"

"திருடப் போறவ பெருசைக் கழட்டி மடியில கட்டிக்கிட்டு ஓடுவா. நின்னு, சின்னதை எடுத்து மாட்டி, அழகா ஃபோகஸ் பண்ணி, மறுபடி பெட்டியில வெச்சுட்டா போவா? பெட்டியை விட்டே வரலன்னு சொன்ன சின்னதைப் போட்டுத்தான் ரோகிணியையும் மகத்தையும் நிறுத்தியிருக்காங்க. அப்படின்னா அந்த நேரத்துக்கே பெருசு இங்க இல்ல. அது இல்லாதது தெரிஞ்ச ஒரே ஆள் நீங்க. அந்தப் பையைத் திறங்க, அண்ணா."

கடிகாரம் அதைத் தோளிலிருந்து இறக்கித் தரையில் வைத்தார். பிறகு பையைத் திறந்தார். ஒரு துண்டுக்குள் பெரிய ஐபீஸ். முன்கண்ணாடியின் குறுக்கே விரிசல்.

"ஆறே முக்காலுக்குக் கை நழுவிடுச்சு," என்றார். "என் கையிலேர்ந்து இதுவரைக்கும் ஒரு ஸ்க்ரூ விழுந்ததில்லம்மா. பொறுப்பைக் குடுக்கற அன்னிக்கா விழணும்? சொல்ல நாக்கு வரல." பாப்பாவைப் பார்த்தார். "உன் மேல பழி வரும்னு யோசிக்கலன்னு சொன்னா அதுவும் பொய். யோசிச்சேன். அப்பவும் வாயைத் திறக்கல."

"கீழ அறுபது பேர் இருக்காங்க," என்றாள் பாப்பா. குரலில் கோபத்தைவிட நிமிர்வுதான் இருந்தது. "அவங்க முன்னாடி நீங்களே சொல்லிடுங்கண்ணா. என் மேல வந்த பழியை வேற யாரும் வந்து துடைக்க வேணாம்."

அவர் தலையாட்டிவிட்டுப் படியிறங்கினார். சற்று நேரத்தில் கீழே கூடத்தின் இரைச்சல் அடங்கி, ஒற்றைக் குரல் கேட்டது.

8.09. பாப்பா தொலைநோக்கியின் சுவிட்சை அணைத்தாள்.

"ஐயையோ, ஏம்மா அணைச்சே? எல்லாம் சரியாத்தானே நின்னுச்சு!" தலைவர் பதறினார்.

"அது அவர் வெச்சது. இன்னிக்கு நான் வெச்சுத்தான் காட்டுவேன்."

"ஆறு நிமிஷம்தாம்மா இருக்கு!"

"நீங்க பேசாம இருந்தா ஆறும் எனக்கே."

குழலை ஆரம்ப நிலைக்குக் கொண்டுவந்து சுவிட்சைப் போட்டாள். தேதி, நேரம், ஊர். சின்ன ஐபீஸோடு ரோகிணியை நோக்கிக் குழலை அனுப்பினாள். சிவந்த புள்ளி ஓரமாக வந்து நின்றது. ஃபோகஸைக் கலைத்தாள், புள்ளி காசாக விரிந்தது. நடுவுக்குக் கொண்டுவரும் கடைசித் தட்டுகள் மேல் அம்புக்குறியிலும் வலது அம்புக்குறியிலும் மட்டுமே விழுந்தன. பல்சக்கரங்களுக்கு இடையிலிருக்கும் ஆட்டம் எப்படியெல்லாம் ஏமாற்றும் என்று லேத்தில் நிற்பவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒப்புதல் பொத்தான். அடுத்து மகம். மறுபடி காசு, மறுபடி மேல், வலது. ரிமோட் கீச்சென்று ஒலித்துச் சம்மதித்தது. நிலா என்று அழுத்தினாள்.

குனிந்து பார்த்தவள், கலைத்த ஃபோகஸைத் திருகிச் சரிசெய்து, கடைசியாக மயிரிழை அளவு நகர்த்தினாள். நிமிர்ந்தாள்.

8.14.

படியில் காலடிச் சத்தம் திமுதிமுவென்று ஏறி வந்தது. முன்னால் வந்த ஒரு பெண்மணி ஐபீஸில் கண் வைத்து, "அம்மாடி!" என்று கத்தியே விட்டார். பின்னால் நின்றவர்கள் முண்டினார்கள். பாப்பா ஒரு கையால் வரிசையை நேராக்கிக்கொண்டு, மறு கையால் ரிமோட்டைப் பிடித்தபடி பள்ளங்களைப் பற்றி விளக்கத் தொடங்கினாள்.

பார்த்துவிட்டு வந்த பெண்மணி, ஓரமாய் நின்ற சீருடைக்காரரிடம் ஒதுங்கி வந்தார். "இவ்வளவு தெளிவா காட்டுதே! யாருங்க அந்தப் பொண்ணு?"

கண்டக்டரம்மா நாற்காலியிலிருந்த தொப்பியை எடுத்துத் தலையில் வைத்து, நேராக்கிக்கொண்டார்.

"எங்க வீட்டுப் பொண்ணு."