ஏழாம் நம்பர் ஃபிளாஸ்க்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரோஸ் நிறத்தில் வைத்துவிட்டுப் போன ஏழாம் நம்பர் ஃபிளாஸ்க், ஞாயிற்றுக்கிழமை மதியம் எமில்டா வந்து பார்க்கையில் மஞ்சளாக இருந்தது.

செல்களுக்கு ஊற்றும் தீனி முதலில் ரோஸாக இருக்கும். உள்ளே இருப்பவை தின்று கழிக்கக் கழிக்க மஞ்சளாகும். அதற்கு மூன்று நாளாவது பிடிக்கும். அதுகூடப் பரவாயில்லை, ஏழாம் நம்பரில் தின்பதற்கு உயிரோடு எதுவுமே இருக்கக் கூடாது. சாகடிக்கும் மருந்தை வெள்ளிக்கிழமை அவள்தான் விட்டாள். கிருமி புகுந்திருந்தால் கலங்கியிருக்கும். இது நல்லெண்ணெய் போலத் தெளிந்திருந்தது.

அது ஜெனிஸின் ஈரல். துறைமுகத்தில் கப்பல்களை இழுத்துவரும் டக் படகில் வேலை பார்த்த அவள் கணவன். ஈரலில் வெட்டி எடுக்கும் புற்றுக்கட்டியை ஆராய்ச்சிக்குத் தரச் சம்மதமா என்று கேட்டபோது, "எடுத்துக்கோங்க சார், எம் பொண்டாட்டி உங்க லேப்லதான இருக்கா, பாத்துக்கிடுவா" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான். ஆபரேஷன் முடிந்த மூன்றே மாதத்தில் போய்விட்டான். கட்டி மட்டும் இங்கே வளர்ந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் இல்லை. வீட்டில் பேச்சுக்கு ஆள் இல்லை. காலையில் வந்து, செல்களை வளர்க்கும் இன்குபேட்டர் கதவைத் திறந்தால் முப்பத்தேழு டிகிரிச் சூட்டில் ஈரக்காற்று முகத்தில் வந்து படியும், பக்கத்தில் படுத்திருக்கும் புருஷனின் மூச்சு மாதிரி. அதற்காகவே அவள் லீவு போடுவதில்லை.

அவளுடைய மேலதிகாரி வெள்ளத்துரை சார் துரத்திக்கொண்டிருந்தது ஒரு நீளமான ஆர்.என்.ஏ.வை. "மத்ததெல்லாம் புரோட்டீன் செய்யுறதுக்குச் செய்தி கொண்டு போகும் எமில்டா. இது ஒண்ணும் செய்யாது. குப்பைன்னு ரொம்ப நாளா ஒதுக்கி வச்சிருந்தோம். ஆனா சும்மா இருந்துக்கிட்டே, 'நீ சாகணும்'னு செல்லுக்குச் சொல்லுற ஜீனோட வாயைப் பொத்திருது. உன் வீட்டுக்காரர் கட்டியில இது பத்து மடங்கு. இதை அமுக்கிட்டா செல் தன்னால சாகும்."

அமுக்கும் மருந்தை விடுவது எமில்டாவின் வேலை. மூன்று வாரமாக அவள் விட்டது வெறும் உப்புநீர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள். மருந்து பலிக்கவில்லை என்று நம்பி சார் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். அந்த மருந்தையே கைவிடப் போவதாக வியாழக்கிழமை அவர் சொன்னபோதுதான் அவளுக்குச் சுரீரென்றது. ஜெனிஸைப் போல இன்னும் எத்தனை பேர். மறுநாள் நிஜ மருந்தை விட்டுவிட்டு, இரண்டாம் தடவையும் தாலி அறுத்தவளாக அழுதுகொண்டே வீட்டுக்குப் போனாள்.

இப்போது மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். செத்த செல்கள் உருண்டு, பிய்ந்து, தூசியாக மிதக்க வேண்டும். ஒன்றுகூட மிதக்கவில்லை. தோளோடு தோள் ஒட்டி, இண்டு இடுக்கில்லாமல் அடித்தளம் முழுக்கப் பரவிக் கிடந்தன. மருந்துக் குப்பியை எடுத்துப் பார்த்தாள். காலி. அவள் எழுதிய தேதி. தப்பு நடக்கவில்லை.

ஒன்றரை மணிக்குக் கரண்டு போனது. இன்குபேட்டரின் சிவப்பு எண்கள் அணைந்து, ஓயாத அதன் ரீங்காரமும் நின்றபோதுதான், உப்பளத்துக்கும் துறைமுகச் சாலைக்கும் நடுவே தனித்து நிற்கும் அந்தக் கட்டடம் எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. "ஜெனரேட்டர்ல டீசல் இல்லக்கா, வாங்கிட்டு வாரேன்" என்று போன வாட்ச்மேன் ராமரை மழை எங்கேயோ பிடித்து வைத்துக்கொண்டது. தூரத்தில் ஒரு டக் ஊதியது. எந்த டக் என்று முன்பெல்லாம் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள்.

நாலு மணிக்கு ஜெனிஸின் அக்கா பிளாரன்ஸ் போனில் கூப்பிட்டாள். பின்னால் ஜெபச் சத்தம் கேட்டது.

"ஏளா எமில்டா, எங்கன இருக்க? எல்லாரும் கல்லறையில நிக்கோம்."

"வேலை இருக்கு மதினி."

"கல்லறைத் திருநாள் அன்னைக்குமா? குடையப் பிடிச்சிக்கிட்டு மெழுகுதிரி கொளுத்துதோம். அவன் ஒத்தையில கெடக்கான்ளா."

"இல்ல மதினி" என்று மட்டும் சொன்னாள்.

அவள் பையிலும் ஒரு மெழுகுதிரி இருந்தது. ஐந்தரைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. சிங்க் ஓரத்தில் அதைக் கொளுத்தி வைத்தாள்.

"போயிருங்க. நான் இருந்துக்கிடுவேன்" என்றாள் ஃபிளாஸ்க்கிடம். பொய்தான்.

ஏழாம் நம்பரில் பிளீச்சை ஊற்றினாள். மஞ்சள் வெளுத்துத் தண்ணீரானது. போன் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே இருந்தாள். அடியில் இருந்த படலம் உரிந்தது. நூல் நூலாகக் கரைந்தது. அரை மணி நேரம் கழித்து எல்லாவற்றையும் சிங்க்கில் கவிழ்த்தாள்.

அந்த இன்குபேட்டரில் இருந்தது அது ஒன்றுதான். தட்டைத் துடைத்துவிட்டுக் கிளம்பலாம் என்று வெளிக்கதவைத் திறந்தாள்.

சூடு.

நாலரை மணி நேரமாகக் கரண்டு இல்லை. எண்கள் இல்லை. சத்தம் இல்லை. கண்ணாடியால் ஆன உள்கதவில் கையை வைத்தாள். உடம்புச் சூடு.

கண்ணாடியில் ஆவி படர்ந்தது. சுருங்கியது. படர்ந்தது.

தன் மூச்சுதான். வாயைப் பொத்திக்கொண்டாள். மூச்சை அடக்கினாள்.

படர்ந்தது.

விரலால் துடைத்தாள். விரல் நனையவில்லை. ஈரம் உள்பக்கம்.

மெழுகுதிரியைத் தூக்கிப் பிடித்தாள். காலித் தட்டுகள். வேறொன்றும் இல்லை. ஓட வேண்டும் என்று தெரிந்தது. இத்தனை மாதம் ஏங்கிய சூடு அது. முகத்தை மட்டும் மெல்ல வலப்பக்கம் சாய்த்தாள்.

கண்ணாடிக்குள் ஆவியும் வலப்பக்கம் நகர்ந்தது. அவள் வாய்க்கு நேரே வந்து நின்றது.

அவளுடைய இன்னொரு கை உள்கதவின் கொண்டியில் இருந்தது. எப்போது வைத்தாள் என்று தெரியவில்லை.

படர்ந்தது. சுருங்கியது. படர்ந்தது.