சுண்ணாம்புக் குறி

கூடத்துச் சிமெண்டுத் தரையில் பிருல் மரத்து இலைகள் நாலைந்து கிடந்தன. எல்விரா குனிந்து பொறுக்கினாள். பொறுக்கிய பிறகுதான் உறைத்தது: மரம் தோட்டத்தில் அல்லவா இருக்கிறது. தோட்டத்துக்கும் கூடத்துக்கும் நடுவே, தரையிலிருந்து கூரைவரை, ஒரே கண்ணாடிச் சுவர். அதில் கதவு கிடையாது, கொசு நுழைய இடுக்குக் கிடையாது. இலை எந்த வழியாக வந்திருக்கும்?

மே மாதத்துப் பிற்பகல் மூன்று மணி. மழை மேகம் இறங்கி, எரிமலை கக்கி உறைந்த கரும்பாறைகளை இன்னும் கறுப்பாக்கியிருந்தது. பெத்ரெகால் பேட்டை முழுக்க அன்று கொத்தனார்களின் சிலுவைத் திருநாள். பாதி எழும்பிய ஒவ்வொரு வீட்டின் உச்சியிலும் பூச்சுற்றிய சிலுவை, விட்டுவிட்டு வெடிக்கிற வாணம், எங்கோ மிளகாய் வறுக்கும் நெடி. அத்தனைக்கும் அடியில், கூடத்துக்குள் மட்டும், ஈரச் சுண்ணாம்பு வாசனை. இந்த வீட்டில் சுண்ணாம்பு வேலை முடிந்து ஓராண்டாகிறது.

ஆர்கிடெக்ட் லோசானோவிடம் வரைபட வேலை பார்க்கிறவள் எல்விரா. வீட்டுக்காரர்கள் வெளிநாட்டில், சாவி அவளிடம். பாறையைத் தொடாமல், அதன் வெடிப்புகளிலேயே கள்ளி வைத்து, நடுவில் குளம் வெட்டிய அந்தத் தோட்டத்தைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ வந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் சொல்லி வைத்ததுபோல ஒன்றையே சொன்னார்கள்: கண்ணாடி இருப்பதே தெரியவில்லையே. ஒவ்வொரு தடவையும் அவள் பேச்சைக் குளத்துக்குத் திருப்பினாள்.

வாசல் மணி அடித்தது. கொத்தனார் நிக்காசியோ. நெஞ்சோடு அணைத்தபடி காகிதப் பூ ஒட்டிய ஒரு சின்னச் சிலுவை.

"உள்ள வரல, செனோரிட்டா. காலெல்லாம் சேறு. இத தோட்டத்துல, எம் பொண்டாட்டி விழுந்த எடத்துல வச்சிட்டுப் போயிடறேன்."

"வைங்க. அதுக்கென்ன."

அவர் நகரவில்லை.

"ஒண்ணே ஒண்ணு. அன்னிக்குக் கண்ணாடியில குறி இருந்துச்சா? பந்தி மும்முரத்துல நான் கவனிக்கல."

புதுக் கண்ணாடி மாட்டினால் சுண்ணாம்பைத் தொட்டு அதன்மேல் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போடுவார்கள். குடிவருகிறவரை அழிக்க மாட்டார்கள். இல்லாவிட்டால் வேலையாட்கள் யாராவது வெட்டவெளி என்று நினைத்து மோதுவார்கள். போன வருடம் இதே நாளில் பத்திரிகைப் படக்காரர் வந்தார். "அந்தக் கோடு படத்துல விழுது, துடைச்சிடும்மா," என்றார் லோசானோ. எல்விராதான் துடைத்தாள். படம் எடுத்தாயிற்று. சுண்ணாம்பு வாளி காலடியில்தான் இருந்தது. அவள் உடுத்தியிருந்தது புது உடுப்பு. சாப்பிட்டுவிட்டு வந்து போடலாம் என்று போய்விட்டாள்.

மழைக்குப் பயந்து கூடத்தில்தான் பந்தி. நிக்காசியோவின் மனைவி டொமிதிலா தோட்டத்தின் கோடியில் அடுப்பு வைத்திருந்தாள். நிக்காசியோ உள்ளேயிருந்து கத்தினார்: "என்னடி, வான்கோழிய முட்டையில இருந்து வளர்த்துக் கொண்டு வர்றியா?" எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தபடியே, குழம்புச் சட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, நேராக ஓடி வந்தாள். உடைந்த கண்ணாடி கழுத்தை அறுக்க, தள்ளாடிப் பின்வாங்கிக் குளத்தோரம் விழுந்து செத்தாள்.

விசாரணையில் எல்விரா எழுதிக் கொடுத்தாள்: குறி இருந்தது, அந்தப் பெண் குடித்திருந்தாள்.

"இருந்துச்சு, நிக்காசியோ. அப்பவே சொன்னேனே." இப்போதும் அதேதான் வாயில் வந்தது.

"அவ கள்ளத் தொட்டதே இல்ல. ஆனா ஊரே குடிகாரிங்குது. பள்ளிக்கூடத்துல என் பொண்ணுங்கள ‘கள்ளுப்பானை’ன்னு கூப்பிடறாங்களாம். குறி இல்லேன்னு ஒரு வார்த்தை நீங்க சொன்னா, அதுங்க தலைநிமிர்ந்து நடக்கும். அதான் கேட்டேன்." தொப்பியைப் போட்டுக்கொண்டார். "நீங்க படிச்சவங்க. பொய்யா சொல்லப் போறீங்க."

அவர் வீட்டைச் சுற்றிக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். எல்விராவுக்கு வெட்கத்தில் காது எரிந்தது. கூப்பிட்டுச் சொல்லிவிடலாம். அப்புறம் லோசானோவின் பெயர், இந்த வீட்டின் பெயர், தன் வேலை. சீ, என்ன மனுஷி நான், என்று தன்னையே வைதுகொண்டு கூடத்துக்கு வந்தாள்.

சுண்ணாம்பு நெடி இப்போது கண்ணைக் கரித்தது. நிக்காசியோ குளத்தோரம் மண்டியிட்டு, கற்களுக்கிடையே சிலுவையை ஊன்றிக்கொண்டிருந்தார். வாணம் எதுவும் வெடிக்கவில்லை. எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவருக்குப் பின்னால், தோட்டத்தின் கோடியில், கள்ளிகளுக்கு நடுவே யாரோ எழுந்து நின்றார்கள். ஒரு பெண். கையில் சட்டி.

அவள் நடக்க ஆரம்பித்தாள். நிக்காசியோவைத் தாண்டினாள். அவர் நிமிரவில்லை.

கண்ணாடியைத் தட்டி அவளை நிறுத்த வேண்டும். அது ஒன்றுதான் எல்விராவுக்குத் தோன்றியது. கையை ஓங்கி வீசினாள்.

கை எதிலும் படவில்லை.

ஒரு எட்டு. ஒன்றுமில்லை. இன்னொரு எட்டு. முகத்தில் காற்று. காலுக்கடியில் கரும்பாறை. எதிரே பெண்ணைக் காணோம்.

தோட்டத்தில் நின்றிருந்தாள் எல்விரா. கைகள் கனத்தன. குனிந்து பார்த்தாள். சட்டி. சூடு உள்ளங்கையைப் பொசுக்கியது. கீழே வைக்க விரல் பிரியவில்லை.

திரும்பினாள். கண்ணாடி இருந்தது. முழுசாக, கீறல் இல்லாமல். அதன்மேல் ஆள் உயரத்துக்கு ஒரு வெள்ளைப் பெருக்கல் குறி. ஈரம் இன்னும் வழிந்துகொண்டிருந்தது.

நிக்காசியோ அதைப் பார்த்தபடி எழுந்து வந்தார். அவளை உரசிக்கொண்டு போனார். அவளைப் பார்க்கவில்லை.

"குறி இருக்கே," என்றார் மெதுவாக.

இல்லை, நான்தான் துடைத்தேன். எல்விரா வாயைத் திறந்தாள். தொண்டையிலிருந்து சூடாக என்னவோ வழிந்து மார்பை நனைத்தது. குரல் வரவில்லை.

"இப்படித்தான் இருந்துச்சா, செனோரிட்டா? அன்னிக்கும்?"

அவர் கேட்டது உள்ளே பார்த்து. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், குறியின் நடுவே முகம் தெரிய, எல்விரா நின்றிருந்தாள். உடுப்புக் கசங்கவில்லை. முகத்தில் இரக்கம்கூட இருந்தது.

"அப்போ அவ குடிச்சிருந்தது நெஜந்தான்." நிக்காசியோ தொப்பியைக் கழற்றினார். "புள்ளைங்ககிட்ட சொல்லிடறேன். நான்தான் உங்கள சந்தேகப்பட்டுட்டேன். மன்னிச்சிடுங்க."

உள்ளே இருந்தவள் தலையாட்டினாள்.