நீலக் கோடுகள்

நேற்று வசந்தகுமார் அழித்த நீலக் கோடு இன்று மறுபடியும் அதே இடத்தில் இருந்தது.

அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எட்டு மாதமாக எதையுமே பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆலங்குடி வீட்டின் முன்னறையில் மின்விசிறி கடகடத்தது. பக்கத்துத் தோப்பில் முந்திரிக்கொட்டை சுடும் எண்ணெய்ப் புகை ஜன்னல் வழியே வந்து, ஆறிப்போன தேநீரிலும் சட்டைக் காலரிலும் படிந்து, தொண்டையைக் கரகரக்க வைத்தது. திரையில் ரஞ்சிதாவின் மூளை. முடியைவிட மெல்லிய ஒரு சீவல்.

அவன் மனைவி. எட்டு மாதம் முன் அவள் இறந்த அன்று அவன்தான் கையெழுத்துப் போட்டு மூளையை ஆராய்ச்சிக்குக் கொடுத்தான். சென்னையில் டாக்டர்கள் சீவினார்கள், இயற்பியல் படித்தவர்கள் படமெடுத்தார்கள், கணினி படித்தவர்கள் அவரவர் வீட்டிலிருந்து நரம்புகளைக் கோடாக வரைந்தார்கள். ஒரு படத்தை இருவர் வரைய வேண்டும்: அவன் மஞ்சளில், பிளெஸ்ஸி என்ற பெண் நீலத்தில். பிழையான நீலத்தை அழிப்பதும் அவன் வேலை. ரஞ்சிதாவின் படங்களை அவனே கேட்டு வாங்கியிருந்தான்.

தேநீர் வைக்கும்போதெல்லாம் மாமியார் சின்னப்பிள்ளை ஒன்றையே கேட்பார்.

“அவளுக்கு வலிக்காதுல்ல மாப்பிள்ளை?”

“வெறும் படம் அத்தை.”

அந்த ஒரு பதிலை நம்பித்தான் இருவரும் அந்த வீட்டில் தூங்கி எழுந்தார்கள்.

கோட்டை அழித்தான். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் இருந்தது. கூடவே இரண்டு கிளைகள். சென்னையில் இந்த வேலையை மேற்பார்க்கும் டாக்டர் சுடர்விழிக்குப் போன் செய்து, பிளெஸ்ஸியைக் கொஞ்சம் கவனமாக வரையச் சொல்லுங்கள் என்றான்.

“பிளெஸ்ஸியா? அவங்க வேலைய விட்டுட்டு துபாய் போயி ரெண்டு மாசமாச்சுங்க. தூக்கக் கலக்கத்துல நீங்களே போட்டு நீங்களே அழிக்கிறீங்க போல.” சிரித்தார். அந்த இடத்துக்கு இன்னும் யாரையும் எடுக்கவில்லையாம்.

இரண்டு மாதம். தினமும் நூறு நீலக் கோடாவது அழித்திருப்பான்.

போனை வைத்தான். புதிய கிளையின் நுனியில் மவுஸை வைத்தான். நகக்கண் அளவு, கொஞ்சமே கொஞ்சம், அழித்தான்.

படத்திலிருந்த நீலக் கோடுகள் அத்தனையும் ஒரே சமயத்தில் சுருங்கின. முள்ளை மிதித்த கால் போல.

கையை எடுத்தான். மெல்ல நீண்டன. நின்றன.

அம்புக்குறியை இடப்பக்கம் நகர்த்தினான். கோடுகள் வலப்பக்கம் ஒதுங்கின.

வலப்பக்கம். இடப்பக்கம் ஒதுங்கின.

சின்னப்பிள்ளை எப்போது பின்னால் வந்து நின்றார் என்று தெரியவில்லை.

“எதைக் கண்டு மாப்பிள்ளை அது இப்புடி ஒதுங்குது?”

அவன் எதையும் அழிக்கவில்லை. அம்புக்குறியைக் கொஞ்சம் பக்கத்தில் கொண்டுபோனான், அவ்வளவுதான். எல்லாக் கோடுகளும் படத்தின் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒடுங்கி, நடுங்கிக்கொண்டிருந்தன.