கூட்டுக்கனவில் நாலு பேர்

வியாழனின் நிலவான கனிமீடில், புதன்கிழமை காலை பத்து மணிக்கு மூன்று பேர் செருப்பைக் கழற்றிவிட்டு சிகிச்சை நிலையத்துக்குள் வந்து, ஒரே கனவைக் காண்பதற்காகப் படுத்துக்கொண்டார்கள். அங்கே அது பல் பிடுங்குவது மாதிரி சாதாரண விஷயம். ஆனால் பல் பிடுங்கிக்கொண்டவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஊருக்கே சொல்வான். இவர்கள் மூச்சு விடமாட்டார்கள்.

மூவரும் சனி வளையப் போரில் சண்டை போட்டவர்கள். விமானி நஸீமா யோகா வகுப்பு என்று வீட்டில் சொல்லியிருந்தாள். சமையல்படை அருளப்பன் பல்வலி என்றான். சுபேதார் குணாளன் சொன்னது சர்க்கரைப் பரிசோதனை. பாவம் மனுஷன், குக்கர் விசில் அடித்தால் போதும், சாப்பாட்டு மேஜைக்கு அடியில் போய்விடுவார். வெள்ளிக்கிழமை மகள் நிறைமதிக்கு நிச்சயதார்த்தம். சம்பந்தி வீட்டார் முன்னால் அப்படி ஆகிவிட்டால்? வெளியூர் வேலை என்று புளுகிவிட்டு, பெற்ற மகளின் நிச்சயத்துக்கே போகாமல் இருந்துவிடலாம் என்றுகூட முடிவு செய்திருந்தார்.

சிகிச்சை சுலபமானது. காளானிலிருந்து எடுத்த மயல்குளிகை ஒன்றை விழுங்க வேண்டும். தலையில் பின்னல்தொப்பி. மூன்று மனங்களும் ஒரே கனவில் கலந்துவிடும். ஒருவர் பயத்தை எல்லோரும் பங்கு போட்டுக்கொள்வதால் பாரம் குறையும். வழிகாட்டுவதற்கு 'ஆற்றுநர்' என்ற இயந்திரமும் கனவுக்குள் வரும்.

கனவில் கப்பல் எரிந்தது.

"கதவை நான்தான் மூடினேன்," என்று குணாளன் அழுதார். "நம்ம சேவியர் உள்ள இருந்தான். தட்டிக்கிட்டே இருந்தான்."

"நீங்க மூடலைன்னா நாங்க யாருமே இல்லண்ணே," என்றான் அருளப்பன். அவனும் அழுதான். நஸீமா இருவர் கையையும் பிடித்துக்கொண்டாள். பதினோரு வருஷமாக நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்தது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது.

"பய அளவு நாற்பதிலிருந்து ஐந்துக்கு இறங்கிவிட்டது," என்று ஆற்றுநர் சொல்லி முடிக்கவில்லை, அதன் பயமானி முள் தொண்ணூற்றாறுக்குத் தாவியது. எரிந்த கப்பல் நடுவே, பிளாஸ்டிக் நாற்காலி போட்டு நாலு பேர் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"யார் இவர்கள்? எதிரிப் படையா?" என்று கேட்டது ஆற்றுநர்.

"ஐயோ, எதிரின்னா பரவாயில்லையே," என்றார் குணாளன். "இது நாலு பேர்."

"எந்த நாலு பேர்?"

"அதாங்க... விஷயம் தெரிஞ்சா நாலு பேர் என்ன சொல்லுவாங்க?"

"பெயர்?"

"தெரியாது."

"முகவரி?"

"தெரியாதுங்க."

"அப்படியானால் அவர்களையே கேட்டுவிடுங்கள்."

குணாளன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கிட்டே போனார். "வணக்கம்ங்க. எனக்குச் சத்தம் கேட்டா பயம். அதுக்குக் காளான் மருந்து சாப்பிடறேன். நீங்க என்ன சொல்றீங்க?"

நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் ஒருத்தர், "காபி ஆறிப்போச்சு," என்றார்.

அவ்வளவுதான். மூவரும் சிரித்த சிரிப்பில் கனவே கலைந்துவிட்டது.

குணாளன் எழுந்து உட்கார்ந்தார். அத்தனை சந்தோஷம் அவருக்கு. "குணமாயிட்டேன்னு ஒரு சான்றிதழ் குடுங்க. என்ன வியாதி, என்ன மருந்து, ஒண்ணு விடாம எழுதுங்க. சம்பந்திகிட்ட நானே காட்டப்போறேன். என் பொண்ணு நிச்சயத்துல முன்வரிசையில உக்காரப்போறேன்."

மூவரும் இறக்கிவைத்த பயம் எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும்? கனவில் இருந்தது மூன்று மனம் மட்டுமல்லவே; ஆற்றுநரும் இருந்ததே.

"எழுதலாம்தான்," என்றது ஆற்றுநர், குரலைத் தாழ்த்தி. "ஆனால் இந்த நிலவில் இன்னும் நாலு ஆற்றுநர்கள் இருக்கிறார்கள். உங்களோடு சேர்ந்து நானும் அழுதது அவர்களுக்குத் தெரிந்தால்..."

"தெரிஞ்சா?"

"என்ன நினைப்பாங்க? முதுகுவலின்னு போட்டுடறேன், சுபேதார். தயவுசெஞ்சு வெளியில சொல்லிடாதீங்க."