சீருக்குப் போன வாட்ச்

"அதைத் தொடாதீங்க!"

இரண்டு குரல்கள் ஒரே நேரத்தில் சொல்லின. அப்துல் நாசரின் வாட்ச் கடையில், கண்ணாடி மேஜைமேல் கிடந்த ஒரே வாட்சின் மீது இரண்டு கைகள்... ஒன்று மழையில் நனைந்து வந்த வளையல் கை. மற்றது மைக்கறை படிந்த ஆண் கை.

வெளியே ஒப்பணக்காரத் தெரு முழுக்க ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது. அறுபத்தொன்றாம் வருஷத்து மழை, விடுவதாக இல்லை.

"ஏனுங்க, நாந்தான் மொதல்ல பார்த்தேன்," என்றாள் அவள்.

"நான் ரெண்டு வருசமா காத்துட்டு இருக்கறனுங்க. கொழும்புல இருந்து பாய் இதை வரவழைச்சதே எனக்காகத்தான்."

"அப்ப கடையில எதுக்கு வெச்சிருக்காங்களாம்? உங்க ஊட்டுப் பொட்டியில வெச்சுப் பூட்டிக்க வேண்டியதுதானுங்களே?"

"ரெண்டு பேரும் கையை எடுங்க கண்ணு," என்றார் அப்துல் நாசர். "கண்ணாடி ஒடைஞ்சுபோகும்."

கைகள் விலகின. கண்கள் நிமிர்ந்தன. அவள் இமையில் மழைத்துளி ஒன்று விழலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தது... திருமலைசாமி வாட்சை மறந்தான்.

அவன் வாட்சை மறந்தான் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். பீளமேட்டில் மோட்டார் பம்பு கம்பெனியில் வரைபடம் போடுகிற வேலை. சம்பளத்தில் பெரும்பகுதி வாட்சுக்குத்தான் போகும். அதுவும் சாதாரண வாட்ச் இல்லை. ஒரு கவிஞருக்கு நூற்றாண்டு என்றோ, ஒரு விமானி கடலைத் தாண்டினான் என்றோ வெளிநாட்டுக் கம்பெனிகள் கொஞ்சமாகச் செய்து விற்குமே, அந்த நினைவு வாட்சுகள். அதில் ஒன்றையும் கையில் கட்ட மாட்டான். பெட்டியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பான். பைத்தியம் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள், அவர்களையும் குறை சொல்ல முடியாது.

இன்று வந்த வாட்ச் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுவதாக இருந்தது. நீல முகப்பு. நொடிமுள்ளின் நுனியில் மிளகளவு விமானம். தபால் விமானம் ஓட்டிக்கொண்டே கவிதை எழுதிய ஒருவனின் நினைவாகச் செய்தது. அவள் அதைத் திருப்பி, பின்மூடியில் பொறித்திருந்த ஆங்கில வரியைப் படித்தாள்.

"இறங்க இடம் கிடைச்சவன் வானத்தைப் பத்திப் பேச மாட்டான்... அப்படித்தானுங்களே?"

இத்தனை வருஷத்தில் ஒரு வாட்சின் பின்பக்கத்தைக் கோயமுத்தூரில் வேறு யாரும் திருப்பிப் பார்த்ததில்லை. அவன் மேஜைமேல் குனிந்து கேட்டான்.

"இது... ஆருக்குங்க?"

கனகம் வாயைத் திறந்தாள். மாப்பிள்ளைக்கு என்று சொல்ல வேண்டும். நிச்சயம் முடிந்துவிட்டது. தையில் கல்யாணம். மாமன் மகன் கண்ணையா, சென்னையில் விமானம் ஓட்டப் படிக்கிறவன், ஏரோப்ளேன் போட்ட வாட்ச்தான் வேண்டும் என்று சின்னப் பிள்ளை மாதிரி கேட்டிருந்தான். அம்மா பக்கத்துப் புடவைக் கடையில் உட்கார்ந்துகொண்டு இவளை இங்கே அனுப்பியிருந்தாள். சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை...

"எனக்குத்தானுங்க," என்றாள்.

அய்யோ, ஏன் அப்படிச் சொன்னேன்? காரில் ஏறி வீடு போகிற வரைக்கும் அவளுக்கு முகம் சுட்டது.

அன்று வாட்ச் அவனோடுதான் போனது. "மத்ததையும் இங்கயே கொண்டாந்து காட்டறேன், வாங்க," என்று சொல்லியிருந்தான். அவள் வந்தாள். கல்யாணத்துக்குச் சாமான் வாங்குகிற வீட்டில் கடைத்தெருவுக்கு வர சாக்குக்கா பஞ்சம்? இறகுப் பேனா மாதிரி முள் வைத்த வாட்சைப் பார்த்தாள். இறக்கை விரித்த வாட்சைப் பார்த்தாள். வாட்சைப் பார்த்ததைவிட அவனைப் பார்த்ததுதான் அதிகம். அப்துல் நாசர் ஒரு ஓரமாகத் திரும்பி உட்கார்ந்து, பழுதாகாத கடிகாரத்தைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தனை வாட்ச் வெச்சுட்டு வெறுங்கையோட திரியறீங்களே... மணி எப்படிங்க தெரியும்?"

"மில்லுச் சங்கு ஊதுமுங்க."

அவள் சிரித்தாள். சிரித்த கண்களை அவன் பார்த்தான். போச்சு... அவன் கதை அங்கேயே முடிந்தது.

மூன்றாம் முறை வந்தபோது நீல வாட்சை அவள் பக்கம் நகர்த்தினான்.

"எடுத்துக்குங்க."

"எவ்வளவுங்க?"

"காசு வாங்கினா வித்த மாதிரி ஆயிருமுங்க. இது உங்களுக்கு நான் கொடுக்கறது."

அந்த நிமிஷத்திலாவது சொல்லியிருக்க வேண்டும். கனகத்துக்கு அது நன்றாகவே தெரிந்தது. வெட்கமா, பயமா, ஆசையா... மூன்றும்தான். மாப்பிள்ளைக்கு வேறொன்று வாங்கிக்கொள்ளலாம், இது என்னோடு இருக்கட்டும் என்று முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுபோய் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்தாள்.

அம்மா வெங்கடம்மாள் கண்டுபிடித்துவிட்டாள். புருஷன் போனபிறகு பல்லடம் ரோட்டில் பஞ்சு ஆலையைத் தனியாக நடத்துகிறவள். அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

"என்ன வெலை?"

"காசு... வாங்கலைங்கம்மா."

அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டவில்லை. ஆர், எங்கே என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். மறுநாள் காலை ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், வேட்டி துண்டு எல்லாம் வைத்து, மகளையும் கூட்டிக்கொண்டு புலியகுளத்தில் அவன் குடியிருந்த வீட்டு வாசலில் வந்து இறங்கினாள்.

"ஏனுங்க தம்பி, நான் கனகத்தோட அம்மா," என்று தட்டை நீட்டினாள். "இவளுக்குத் தையில கல்யாணம். எந்தம்பி மகன்தான் மாப்பிள்ளை. இவளுக்குக் கூடப் பொறந்தவன் இல்லீங்க. மாப்பிள்ளை கையில மச்சான் வாட்ச் கட்டற மொறைக்கு ஆரைக் கூப்பிடறதுன்னு கலங்கிட்டு இருந்தேன். நீங்க ஒத்தைக் காசு வாங்காம சீரே செஞ்சுபோட்டீங்க. அண்ணனா நின்னு நீங்களே கட்டிருங்க கண்ணு."

ஒரு சொல் கூடக் கடுமையாக இல்லை. நாலு அறை அறைந்திருந்தால் கூடத் தேவலை. நிச்சயமான பெண்ணுக்கு ஒருவன் சும்மா வாட்ச் கொடுத்தான் என்றால் அவன் கூடப்பிறந்தவனாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊர் வாயில் இரண்டு பேரும் விழ வேண்டும். வெங்கடம்மாள் முதலாவதைத் தட்டில் வைத்து நீட்டிக்கொண்டிருந்தாள்.

திருமலைசாமி கனகத்தைப் பார்த்தான். கல்யாணமா? அப்படியென்றால் 'எனக்குத்தான்' என்றது? அந்தச் சிரிப்பெல்லாம்...? ஒரு வாட்சுக்காகவா? அவனுக்கு ரோஷம் உச்சந்தலைக்கு ஏறியது.

அம்மாவின் பின்னால் நின்ற கனகம் மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தாள். மாட்டேன்னு சொல்லுங்க... ஒரு வார்த்தை போதுமுங்க, நான் உங்க பக்கம் வந்து நின்னுக்கறேன்... அவள் உதடு அசையவில்லை. இவனாவது கேட்டிருக்கலாம். ஒரே சாதிசனம்தான், முறையாகப் பெண் கேட்கத் தடை ஒன்றும் கிடையாது. சண்டை வந்திருக்கும், வரட்டுமே!

அவன் கேட்கவில்லை. தட்டை வாங்கிக்கொண்டான்.

"கட்டறேனுங்க. தங்கச்சிக்கு இது கூடச் செய்யலைன்னா எப்படி?"

அவளுக்கு வலிக்க வேண்டும் என்றுதான் அந்த வார்த்தையை அழுத்திச் சொன்னான். வலித்தது.

தை பிறந்தது. கல்யாண மேடையில் கண்ணையா வாய் கொள்ளாத சிரிப்போடு கையை நீட்டினான். நல்ல பையன். வெறுக்கலாம் என்று பார்த்தால் அதற்கும் இடம் கொடுக்கவில்லை.

"மச்சான், இந்த ஏரோப்ளேன் நிக்காமச் சுத்துதுங்களே! எங்க புடிச்சீங்க?"

திருமலைசாமி நீல வாட்சின் பட்டையை மாட்டினான். கொக்கி துளையில் விழ மறுத்தது.

"கொக்கி மாட்டவே மனசு வரலை பாருங்க மச்சானுக்கு! தங்கச்சியைப் பிரியறதுன்னா சும்மாவா?" என்றான் கண்ணையா.

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துவைத்தான்.

பெண்ணை அனுப்பும் நேரம் வந்தது. வாசலில் கார் நின்றது. பெரியவர்கள் காலில் எல்லாம் விழுந்தாயிற்று. "அண்ணன்கிட்ட ஆசீர்வாதம் வாங்கிக்க அம்மணி," என்றாள் வெங்கடம்மாள். அவன் கையில் யாரோ அட்சதையைத் திணித்தார்கள்.

கனகம் அவன் காலடியில் குனிந்தாள். எழுந்திருக்கவில்லை. மேளச் சத்தத்தில் அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசினாள்.

"வாட்சுக்காகப் பழகினேன்னு நெனச்சுட்டீங்க... அதை மாப்பிள்ளைக்குன்னு நான் வாங்கலைங்க. உங்க நெனப்பா வெச்சுக்கத்தான் வாங்கினேன். அம்மாகிட்ட மாட்டிக்கிச்சு. அன்னைக்கு உங்க ஊட்டு வாசல்ல நீங்க ஒரு வார்த்தை கேட்டிருந்தா வந்திருப்பேன்..."

"கனகம்..."

"எந்திரிச்சா உங்களை அண்ணன்னு கூப்பிடோணும். அதுக்கு முன்னால ஒரே ஒரு வாட்டி சொல்லிக்கறேன். எனக்கு உங்களைத்தானுங்க புடிச்சிருந்தது."

அவன் விரல்கள் தாமாகத் திறந்து அட்சதை அவள் தலையில் கொட்டியது. ஆசீர்வாதம் ஆயிற்று என்று சுற்றி நின்றவர்கள் நினைத்தார்கள். எனக்கும்தான், எனக்கும்தான் என்று அவன் நெஞ்சு அடித்துக்கொண்டது.

கனகம் எழுந்தாள். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை.

"போயிட்டு வாரேனுங்க, அண்ணா."

வெங்கடம்மாள் பக்கத்திலேயே நின்றாள்.

"பதில் சொல்லுங்க தம்பி. புள்ள நிக்கறாள்ல?"

"போயிட்டு வா, தங்கச்சி," என்றான் திருமலைசாமி.