கூடைக்குள் ஒரு பொட்டலம்!

டமால்!

மைக் ஸ்டாண்டோடு சேர்ந்து தரையில் விழுந்தார் கொளஞ்சியப்பன்.

ஸ்பீக்கர் 'கீ...' என்று அலறியது. அதைவிடச் சத்தமாக அலறினாள் அவர் மனைவி ஜெயராணி.

சிதம்பரம் மேலவீதியில் ஒரு மாடி ஹால். போதைப் பழக்கத்திலிருந்து மீள முயலும் பிள்ளைகளும், அவர்களைப் பெற்றவர்களும் கூடும் சனிக்கிழமைக் கூட்டம். சற்றுமுன் வரை கொளஞ்சியப்பன்தான் மைக்கில் முழங்கிக்கொண்டிருந்தார். கடலூர் சிப்காட்டில் ஷிப்ட் சூப்பர்வைசர். வீட்டிலும் அதே அதட்டல்தான்!

"நாம யோக்கியமா இருந்தாத்தான் புள்ளைங்க யோக்கியமா இருக்கும்! என்னைப் பாருங்க..."

பார்த்தார்கள்.

அவர் முகம் செங்கல் நிறத்துக்கு மாறியது. நெஞ்சைப் பிடித்தார். வாந்தி எடுத்தார். சாய்ந்தார்!

கூட்டத்தை நடத்தும் ஆலோசகர் நஜியா பாய்ந்து வந்து நாடி பார்த்தாள். தறிகெட்டு ஓடியது. அவர் வாயிலிருந்து பாக்கு வாசனை குப்பென்று அடித்தது.

"நூத்தியெட்டுக்கு அடிங்க! சீக்கிரம்!"

பின்வரிசையில் ஒரு குரல் கிசுகிசுத்தது.

"போன வாரம் இதே ஹால்லதான் அவரு புள்ள கத்தினான்... 'ஓவரா பேசுனா சோத்துல விஷத்த வச்சிருவேன்'னு..."

எல்லாத் தலைகளும் திரும்பின.

சுவரோரம், கையில் ஒயர்கூடையோடு நின்றான் இளவரசு. பத்தொன்பது வயது. ஒரே மகன். குடியை விட்டுவிட்டதாகச் சொல்கிறவன். அதை நம்புகிற ஒரே ஆள் நஜியா!

ஆஸ்பத்திரி வராந்தா.

யாரோ தகவல் கொடுத்துவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் ஸ்ரீதர் வந்ததும் வராததுமாக ஒயர்கூடையைக் கவிழ்த்தார். டிபன் கேரியர். மாற்றுத்துணி. துண்டு. கடைசியாக... ஒரு காகிதப் பொட்டலம்!

பிரித்தார்.

வெள்ளைப் பொடி!

"இன்னா தம்பி இது? கோலமாவா?"

"சத்தியமா தெரியாது சார்! அம்மா கட்டிக் குடுத்த கூடை..."

"மத்தியானம் அப்பாவுக்கு சோறு போட்டது யாரு?"

"நான்தான் சார்... புளிக்கொழம்பு. நானும் அதையேதான் தின்னேன்!"

"அப்படித்தான் எல்லாரும் சொல்வாங்க."

இளவரசு பரிதாபமாகத் திரும்பினான்.

"மேடம்... நான் அப்டிப்பட்டவன் இல்லன்னு சொல்லுங்க மேடம்!"

நஜியா அவன் கண்களை உற்றுப் பார்த்தாள். இப்படிச் சத்தியம் செய்த பையன்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். சில சத்தியங்கள் சாயங்காலம் வரைகூடத் தாங்கியதில்லை...

"ஏன் மேடம் யோசிக்கிறீங்க?"

அவன் குரல் உடைந்தது. நஜியா சுதாரித்தாள்.

"திருந்தி வர்ற பையன் சார். இவனுக்கு நான் பொறுப்பு."

"பொறுப்பையெல்லாம் கோர்ட்ல வந்து சொல்லுங்க. உள்ள படுத்திருக்கவரு போய்ட்டார்னா இது கொலைக் கேஸ்! ஏறுடா ஜீப்ல!"

அவர் கை இளவரசுவின் காலரைக் கொத்தாகப் பிடித்தது.

அதே நேரம் உள்ளேயிருந்து தள்ளாடி வந்தாள் ஜெயராணி. மகனைப் பார்த்தாள். பொட்டலத்தைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவன விட்ருங்க சார்... அது என்னுது!"

"என்னது?!"

"கடலூர் பஸ் ஸ்டாண்டாண்ட ஒருத்தன் வித்தான் சார்... குடிக்கறவங்களுக்குத் தெரியாம சாப்பாட்டுல கலந்தா குடிய மறந்துடுவாங்கன்னு. இவன் விட்டுட்டேன்னான்... எனக்கு மனசு கேக்கல. இன்னிக்கு ராத்திரி கிள்ளையில எங்க அக்கா வூட்ல தங்கறோம். அங்கயும் கலக்கணுமேன்னு கூடையில போட்டேன்..."

நஜியாவுக்குக் கோபம் பொங்கியது.

"சொல்லாம மருந்து கலக்கறது எவ்ளோ ஆபத்து தெரியுமாம்மா? உசுரே போயிடும்! எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டா திட்டுவீங்கன்னுதான் மேடம்..."

ஸ்ரீதர் புருவத்தைச் சுருக்கினார்.

"இரும்மா! மகனுக்கு வாங்குன பொடிக்குப் புருஷன் ஏன் விழுந்தாரு?"

"இவனுக்குத் தனியா போட்டா கண்டுபுடிச்சிடுவான் சார். அதான் கொழம்புச் சட்டியிலயே போட்டேன். தினமும் மூணு பேரும்தான் தின்றோம்... எனக்கு ஒண்ணும் ஆகலையே!"

நஜியா சட்டென்று நிமிர்ந்தாள்.

"வித்தவன் வேற என்ன சொன்னான்? யோசிச்சு சொல்லுங்க!"

"சும்மா இருக்கவங்கள ஒண்ணும் பண்ணாதாம் மேடம். அதுக்கு மேல குடிச்சாத்தான்... மூஞ்சி செவந்து... வாந்தி எடுத்து... ஆளையே..."

ஜெயராணியின் குரல் தேய்ந்து நின்றுபோனது.

ஸ்ரீதரின் விரல்கள் காலரிலிருந்து மெல்ல விலகின.

அதே குழம்பைத் தின்ற இளவரசு, கன்னத்தில் கண்ணீர்க்கோடு காயாமல், இரண்டு காலிலும் திடமாக நின்றுகொண்டிருந்தான்!

"மன்னிச்சிடுடா..." என்றாள் நஜியா. "ஒரு நிமிஷம் நானே தடுமாறிட்டேன்."

கதவு திறந்தது. டாக்டர் எட்டிப் பார்த்தார்.

"பொழைச்சிட்டார்மா. நல்ல நேரத்துல கொண்டாந்தீங்க!"

ஜெயராணி முகத்தில் அறைந்துகொண்டு அழுதாள்.

"ஐயோ... உனக்குன்னு வாங்குன மருந்துடா!"

இளவரசு அம்மாவைத் தூக்கி நிறுத்தினான்.

"விடும்மா... மருந்து சரியான ஆளுக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கு!"