கழற்றிப் போட்ட ஒயர்

வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் மானசாவின் வீட்டுக்கு ஜெஸ்ஸி வந்துவிடுவாள். அவள் மானசாவின் வகுப்புத் தோழி. அவளோடு அவள் அம்மா மேரியும் குட்டித்தம்பி ஜோயலும் வருவார்கள்.

ஜெஸ்ஸியின் அப்பா துரை துபாயில் வேலை செய்தார். வெள்ளிதான் அவருக்கு விடுமுறை. சதுரங்கப்பட்டினத்தில் ஜெஸ்ஸி வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. அதனால் கல்பாக்கத்தில் இருந்த மானசா வீட்டு லேப்டாப்பில்தான் அவரைப் பார்த்துப் பேசுவார்கள்.

அன்று துரை திரையில் வந்ததும், "இன்னாய்யா, சாப்ட்டியா?" என்றார் மேரி.

"ஆச்சு, ஆச்சு. புள்ள இன்னா பண்றான்?"

நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டு நின்ற ஜோயல், அந்த நேரம் பார்த்துக் கையை விட்டான். ஓர் அடி வைத்தான். இன்னோர் அடி வைத்தான்.

"அம்மா, ஜோயல் நடக்கறான்! அப்பா, பாருப்பா!" என்று கத்தினாள் ஜெஸ்ஸி.

துரை பார்க்கவில்லை. திரையில் அவர் முகம் திறந்த வாயோடு அப்படியே நின்றுவிட்டது. குரல் மட்டும் துண்டு துண்டாக வந்தது. "இன்னா... கேக்... ஜெஸ்..." பிறகு அதுவும் நின்றது.

ஜோயல் தொப்பென்று உட்கார்ந்து, தனக்குத் தானே கைதட்டிக்கொண்டான்.

"மழ வர்ற மாதிரி கீது. அதான் லைன் பூட்ச்சு. வுடு கண்ணு" என்றார் மேரி. சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

அவர்கள் போன பிறகுதான் கூடத்து மேசைக்குப் பின்னால் கிடந்த இன்டர்நெட் ஒயரை மானசா பார்த்தாள். பள்ளி விட்டு வந்ததும் பால்கனியில் உட்கார்ந்து படம் பார்க்க அவள்தான் அதைக் கழற்றினாள். மோடம் அப்பா அறையில் இருந்தது. ஒயர் இல்லாவிட்டால் கூடத்துக்கு இணைப்பு அரைகுறையாகத்தான் வரும். மாட்ட மறந்தே போய்விட்டாள்.

"அம்மா, மழையால இல்ல. என்னாலதான்."

"வேணும்னா செஞ்ச? அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்றார் அம்மா வரலட்சுமி.

"முதல்முதலா நடக்கறது அடுத்த வாரமும் வருமாம்மா?"



திங்கட்கிழமை பள்ளியில் மானசா ஜெஸ்ஸியிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அவன் நடந்தத அப்பாகிட்ட அம்மா சொல்லவே இல்ல. சொன்னா ஏங்கிப்பூடுவாராம்" என்றாள் ஜெஸ்ஸி. அன்று அவள் மானசாவுடன் சாப்பிட வரவில்லை.

அடுத்த வெள்ளி, பள்ளி விட்டு வந்ததும் மானசா ஒயரை மாட்டினாள். அப்போதும் லேப்டாப் பழைய வயர்லெஸ் இணைப்பையே பிடித்துக்கொண்டிருந்தது. அதன் ஓரத்தில் இருந்த சின்ன சுவிட்சைத் தள்ளி வயர்லெஸை நிறுத்தினாள். அதன் பிறகுதான் அது ஒயருக்கு மாறியது. மேசைமேல் வைத்தால் துரைக்குத் தரை சரியாகத் தெரியாது. லேப்டாப்பை ஒரு முக்காலியில் இறக்கி வைத்தாள்.

துரை தெளிவாக வந்தார். ஜோயலோ நடப்பதாக இல்லை. தவழ்ந்து போய் ஒயரைக் கடிக்கப் பார்த்தான்.

"ஐயோ, அத மட்டும் விட்டுடுடா!" என்று மானசா அலறியதில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஜெஸ்ஸி மட்டும் சிரிக்கவில்லை.

மானசா அவனைத் தூக்கிச் சுவரோரம் நிறுத்தினாள். திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பாகிட்ட வா, வா" என்று கூப்பிட்டாள் ஜெஸ்ஸி.

ஜோயல் யோசித்தான். பிறகு ஆடி ஆடி நடந்து வந்து, திரையில் மூக்கை இடித்துக்கொண்டான்.

"மேரி! நடக்கறான் மேரி!" என்று கத்தினார் துரை. "இப்பதான் மொத மொதல்ல நடக்கறானா?"

மேரி தலையைக் குனிந்துகொண்டார். ஜெஸ்ஸி மானசாவைப் பார்த்தாள். ஆமாம் என்று சொல்லிவிட்டால் போதும்.

"இல்ல அங்கிள்," என்றாள் மானசா. "போன வாரமே நடந்துட்டான். நான் ஒயரைக் கழட்டிட்டேன். அதான் உங்களுக்குத் தெரியல. சாரி அங்கிள்."

துரை கொஞ்ச நேரம் பேசவில்லை. படம் நின்றுவிட்டதோ என்று மானசா பயந்தே போனாள். பிறகு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எனுக்கு இதாம்மா மொத தபா" என்றார்.

ஜெஸ்ஸி நகர்ந்து வந்து மானசாவின் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.